கொடிகள் ஆறு - கூலி ஒன்று!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போய்ப் பாருங்கள். சற்றுப் பெரிய ஆலை என்றால் அதன் வாயிலருகே கொடிக்கம்பங்கள் வரிசையாக நிற்கும். நமது கருப்பு-சிவப்பு ஒன்று. அண்ணாவின் உருவம் பொறித்த கருப்பு-சிவப்பு ஒன்று. செங்கொடி இரண்டு. மூவர்ணம் ஒன்று. காவி ஒன்று. எல்லா ஆலையிலும் எல்லாக் கொடியும் இராது. ஓரிடத்தில் இரண்டு குறையும், ஓரிடத்தில் ஒன்று கூடும். ஆனால் கம்பம் ஒன்றே ஒன்றாக நிற்கும் இடம் அரிது!

கொடிகள் பல. இருக்கட்டும். மாதம் பிறந்ததும் கைக்கு வருகிறதே சம்பளச் சீட்டு - அதில் எந்தக் கொடி இருக்கிறது? பி.எப். பிடித்தம் நமக்கு ஒரு விகிதம், காவிக்காரருக்கு வேறு விகிதமா? ரோலிங் மில்லில் பழுக்கச் சிவந்து பாய்ந்து வருகிறதே இரும்புக் கம்பி - அது, 'நீ எந்தக் கட்சி?' என்று கேட்டுவிட்டா காலைச் சுடுகிறது? காண்ட்ராக்டர் ஆளைக் குறைக்கும்போது, 'சந்தா அட்டையைக் காட்டு' என்றா கேட்கிறார்?

இரும்பு கேட்காத கேள்வியை, எஜமான் கேட்காத கேள்வியை, நாம் கேட்கிறோம்! பொன்னேரியில் ஒரே மின்வண்டியில் ஏறுகிறோம்; கட்சி வேறு என்பதால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். கேண்டீனில் தனித்தனி மேசை. ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு மற்றவர் போவதில்லை. மேடை ஏறினாலோ, எதிர்க்கட்சித் தலைவரின் கொள்கையை விட்டுவிட்டு, அவர் பிறப்பை, அவர் வீட்டுப் பெண்களை, அவர் உடலின் குறையை இழுக்கிறோம். கீழே கை தட்டுகிறார்கள். தட்டியவர்கள் மறுநாள் ஆலைக்குப் போகிறார்கள். பக்கத்து இயந்திரத்தில், நேற்றுத் திட்டு வாங்கிய கட்சியின் தோழர் நிற்கிறார். அவரோடு எப்படிப் பேசுவது?

'அரசியல் என்றால் அப்படித்தான் இருக்கும்' என்பார் சிலர். இல்லை, தோழர்களே! அரசியல் அப்படி இருப்பதால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய நேரம் இது. அந்தக் கணக்கை இப்போது சட்டமே போட்டுக் காட்டுகிறது.

சட்டம் சொல்லும் கணக்கு

2019, 2020 ஆண்டுகளில் நாடாளுமன்றம் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளை நிறைவேற்றியது. பழைய 29 சட்டங்களைச் சுருட்டி நான்காக்கியது. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வருவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையே அரசின் அனுமதி பெற வேண்டும். அந்த எல்லை இப்போது 300. வேலைநிறுத்தம் என்றால் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேர் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே! இவற்றையெல்லாம் வாயிற்கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள்.

நான் சொல்ல வருவது, அதிகம் பேசப்படாத இன்னொரு பிரிவு. நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை நடத்தும் உரிமை எந்தச் சங்கத்துக்கு? ஆலையில் பல சங்கங்கள் இருந்தால், பதிவேட்டில் உள்ள தொழிலாளரில் நூற்றுக்கு 51 பேர் ஆதரவு பெற்ற சங்கமே தனியுரிமை பெற்ற சங்கம். அப்படி எதுவும் இல்லையென்றால்? பேச்சுவார்த்தைக் குழு ஒன்று அமைக்க வேண்டும். அந்தக் குழுவில் இடம் யாருக்கு? நூற்றுக்கு 20 பேர் ஆதரவாவது உள்ள சங்கங்களுக்கு மட்டும்.

பென்சிலை எடுங்கள். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலை. ஆறு சங்கங்கள். சரிசமமாகப் பிரிந்தால் ஆளுக்கு 166 அல்லது 167 பேர். நூற்றுக்குப் பதினேழுகூடத் தேறவில்லை! 51 யாருக்கும் இல்லை. 20ம் யாருக்கும் இல்லை. சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால், பேச்சுவார்த்தை மேசையின் ஒரு பக்கம் நிர்வாகம் உட்கார்ந்திருக்கும். எதிர்ப்பக்கம் ஆறு நாற்காலிகளும் காலி!

வாயிலில் ஆறு கொடிகள் பறக்கும். உள்ளே ஒரு குரலும் கேட்காது. ஆயிரம் பேரைத் தவிர, காண்ட்ராக்டில் வந்த தோழர்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நான்கு பேர் ஓர் அறையில் படுத்து உழைக்கும் தோழர்களும் இருக்கிறார்களே, அவர்களுக்கு முன்பே நாற்காலி கிடையாது. இப்போது நமக்கும் இல்லை!

இந்தச் சட்டத்தொகுப்பின் சில பிரிவுகளைப் பாரதிய மஸ்தூர் சங்கமேகூட எதிர்த்துக் குரல் கொடுத்தது என்பதை மறக்க வேண்டாம். காவிக்கொடிக்காரருக்கும் நமக்கும் ஆயிரம் வேறுபாடு. மொழியில் வேறுபாடு, மதத்தில் வேறுபாடு, மாநில உரிமையில் வேறுபாடு. அந்த வேறுபாட்டில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சம்பளச் சீட்டைப் பற்றி அவரோடு பேச வாய் இருக்க வேண்டுமே! நேற்று மாலை அவர் தாயை இழுத்துப் பேசிய வாய், இன்று காலை, 'வாருங்கள் தோழரே, சேர்ந்து கோரிக்கை வைப்போம்' என்றால் அவர் வருவாரா? நீங்களாக இருந்தால் வருவீர்களா?

கண்ணியம் என்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு அல்ல. பெரிய வீட்டுப் பழக்கமும் அல்ல. பாட்டாளிக்கு அது கைமுதல்!

புளியந்தோப்புப் பாடம்

கும்மிடிப்பூண்டி மின்வண்டி சென்ட்ரலை நெருங்கும்போது பேசின் பிரிட்ஜில் நிற்கிறது அல்லவா? அதன் பக்கத்தில்தான் புளியந்தோப்பு. அதைக் கடந்து போனால், பின்னி ஆலைகள் ஓடிய பெரம்பூர். அந்த மண்ணில் நமக்கு ஒரு பாடம் புதைந்து கிடக்கிறது.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்திய நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு கொண்டாடும் சங்கம். வாடியா தலைவர், செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் அதற்கு வித்திட்டவர்கள், திரு.வி.க. அதன் குரல். மூன்றே ஆண்டுகள்! 1921இல் பெரும் வேலைநிறுத்தம் வந்தது. மாதக்கணக்கில் நடந்தது. வெள்ளைத் துரைமார் பணியவில்லை. பிறகு என்ன நடந்தது?

தொழிலாளர் இரண்டாகப் பிளந்தனர். ஆதிதிராவிடத் தோழர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். உடனே, 'துரோகிகள்' என்ற கூச்சல்! புளியந்தோப்பில் மோதல். குடிசைகள் எரிந்தன. போலீசின் துப்பாக்கி வெடித்தது. உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது. சங்கம் மீண்டும் தலைநிமிர நெடுநாள் ஆயிற்று.

ஏன் திரும்பினார்கள் அந்தத் தோழர்கள்? துரைமார் மீது காதலா? ஊரில் தெருவுக்குள் விடாதவன், கிணற்றில் இறங்கவிடாதவன், ஆலை வாயிலில் மட்டும், 'நாமெல்லாம் ஒரே வர்க்கம்' என்றால் எப்படி நம்புவார்கள்? நாளை வேலைநிறுத்தம் வென்றாலும் தங்கள் சேரிக்கு அந்த வெற்றி வருமா என்ற ஐயம் அவர்களுக்கு இருந்தது. அந்த ஐயத்துக்கு நூற்றாண்டுகளின் காயம் காரணம். அதைக் கேட்கக் காது வேண்டியிருந்தது. 'ஏன் போகிறாய்?' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டியிருந்தது. கேட்கவில்லை, கல்லெடுத்தார்கள்! நிர்வாகம் சாளரத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாற்று அணிக்குப் போனவரைத் திட்டுவது எளிது. அவர் ஏன் போனார் என்று கேட்பது கடினம். கேட்டால் நம் பக்கத்துக் குறையும் காதில் விழும். அந்த அச்சத்தால்தான் பலர் கேட்பதில்லை!

எதிர்த்தவரைக் கேட்டதால் வந்த வெற்றி

1921 தோல்விப் பாடம். அண்மையில் நம் கண்ணெதிரே ஒரு வெற்றிப் பாடமும் நடந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை ஒரு நாளைக்கு 12 மணி வரை நீட்டிக்க வழிவகுக்கும் திருத்தச் சட்டமுன்வடிவு தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அன்று ஆட்சியில் இருந்தது நமது கழகம். தோழமைக் கட்சிகள் அவையிலேயே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. செங்கொடிச் சங்கங்கள் எதிர்த்தன. நமது தொ.மு.ச.வும் எதிர்த்தது!

'ஆட்சி நம்முடையது, எதிர்ப்பவரெல்லாம் எதிரி' என்று நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்படி நடக்கவில்லை. மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 24 அன்று அமைச்சர்கள் தொழிற்சங்கத் தலைவர்களை அழைத்துப் பேசினர். அன்றே அந்த முன்வடிவு நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று, சென்னை மே தினப் பூங்காவில், அது திரும்பப் பெறப்பட்டது என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். ஒன்றைக் கொண்டுவரத் துணிவது போலவே, திரும்பப் பெறத் துணிவதும் பெருமைதான் என்ற பொருள்படப் பேசினார்.

பத்து நாளில் எட்டு மணி நேரம் தப்பியது! யாரால்? ஒரு சங்கத்தால் அல்ல. தன் ஆட்சியையே எதிர்த்துப் பேசிய தொ.மு.ச., பழைய பகையை அன்று கிளறாத பிற சங்கங்கள், எதிர்ப்பைக் காதுகொடுத்துக் கேட்ட அரசு - மூன்றும் சேர்ந்து. இதில் எங்கேயாவது ஒரு வசைச்சொல் பயன்பட்டதா? எங்கேயாவது கல் பயன்பட்டதா?

நம் வீட்டுப் பாடம்

'தோழரே, எங்களைச் சாதுவாக்கப் பார்க்கிறீர்களே! தந்தை பெரியார் சாதுவா? அண்ணா அடங்கிப் போனவரா?' என்று கேட்பீர்கள். கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நம் இயக்கத்தின் வரலாறே விடை சொல்லட்டும்.

பெரியாரும் இராஜாஜியும் கொள்கையில் இரு துருவங்கள். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு, நாடெங்கும் நெருப்பாய் நின்று எதிர்த்தது நம் இயக்கம். இராஜாஜி பதவியை விட்டுப் போகும் வரை ஓயவில்லை. ஆனால் 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார், சக்கர நாற்காலியில் சுடுகாடு வரை வந்தார். வந்து குழந்தைபோல் அழுதார். அந்தக் கண்ணீரால் கொள்கை கரைந்ததா? அடுத்த ஆண்டு, தம் இறுதி நாட்கள் வரை, சாதி ஒழிப்புக்காக மூத்திரப் பையைச் சுமந்துகொண்டு மேடை மேடையாக முழங்கினாரே, அந்த முழக்கத்தில் சுருதி குறைந்ததா?

1954இல் காமராசர் முதலமைச்சரானார். குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். அவர் காங்கிரசின் தலைமகன்; நாம் காங்கிரசை எதிர்த்து வளர்ந்துகொண்டிருந்த கழகம். குலக்கல்வித் திட்டம் ஒழிய வேண்டும், தமிழர் ஒருவர் எளிய குடியிலிருந்து உயர்ந்திருக்கிறார் என்று எண்ணிய அண்ணா, அந்தத் தேர்தலில் காமராசரை ஆதரித்தார். பிறகு எதிர்க்கவில்லையா? பதின்மூன்று ஆண்டு இடைவிடாது எதிர்த்தார்! 1967இல் அவர் ஆட்சிக் கட்சியைக் கோட்டையிலிருந்தே இறக்கினார். நல்லதை ஆதரித்த வாய்க்குத்தான், தீயதை எதிர்க்கும்போது மதிப்பு இருந்தது.

அந்த 1967இல் இன்னொன்றும் நடந்தது. 1949இல் பிரிந்தது முதல் பெரியார் நம்மைக் 'கண்ணீர்த்துளிகள்' என்று இகழ்ந்தார். 1967 தேர்தலில் நமக்கு எதிராக ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தார். நாம் வென்றோம். வென்றவர் என்ன செய்தார்? பதவி ஏற்கும் முன்பே தம்பிமாரை அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போய்ப் பெரியார் முன் நின்றார். பிறகு இந்த ஆட்சியே பெரியாருக்குக் காணிக்கை என்றார். பதினெட்டு ஆண்டு வசை, ஒரு பயணத்தில் முடிந்தது!

அண்ணாவை இழிவாகத் திட்டிக் காஞ்சியில் தட்டி எழுதி வைத்தார்களாம் மாற்றார். தொண்டர்கள் துடித்தார்கள். அண்ணா, 'இரவில் மக்கள் படிக்க முடியாதே. பக்கத்தில் ஒரு விளக்கு வையுங்கள்' என்றாராம். பழந்தோழர்கள் இன்றும் சொல்லும் செய்தி இது. அடித்துக் கிழித்திருந்தால் அந்தத் தட்டி அன்றோடு போயிருக்கும். விளக்கு வைத்ததால், எழுதியவரின் தரம் ஊருக்கே தெரிந்தது!

1975 அக்டோபர் 2. காமராசர் மறைந்தார். அன்று முதலமைச்சர் கலைஞர். இருவருக்கும் இடையே இருந்த அரசியல் பகை ஊரறிந்தது. கலைஞர், அரசு மரியாதையோடு தகனம் செய்வித்தார். கிண்டியில், காந்தி மண்டபத்துக்கு அருகில் இடம் கொடுத்து நினைவிடம் அமைத்தார். அதனால் கழகத்தின் உயரம் குறைந்ததா? கூடிற்று!

கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அண்ணா மூன்று சொல் கொடுத்தார். கடமையை நாம் மறப்பதில்லை. தேர்தல் வந்தால் தூங்குவதில்லை. கட்டுப்பாடும் ஓரளவு இருக்கிறது. நடுவில் நிற்கிறதே கண்ணியம், அதைத்தான் மேடையில் எழுதி வைத்துவிட்டு, மேடையின் மீதே மிதிக்கிறோம்!

கணக்கில் வராத பிணங்கள்

நடுச்சொல்லை மிதித்தால் என்ன நடக்கும் என்பதையும் நாடு பார்த்துவிட்டது. 1988 ஜனவரி 28 அன்று சட்டமன்றத்துக்குள் அடிதடி; போலீசே உள்ளே புகுந்து தடியடி நடத்தியது. 1989 மார்ச் 25 அன்று அதே அவையில் மறுபடியும் கலவரம். மக்கள் மன்றத்தின் மாண்பு அன்று தரையில் கிடந்தது.

அவையில் தொடங்கியது தெருவுக்கு வந்தது. 2000 பிப்ரவரி 2 அன்று ஒரு வழக்கில் ஜெயலலிதாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. தருமபுரி அருகே ஒரு பேருந்து எரிக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் எதிர்க்கட்சித் தலைவர்களா? இல்லை! வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் மாணவியர். மூன்று இளம் உயிர்கள் கருகின. 2007 மே 9 அன்று ஒரு கருத்துக்கணிப்பு பிடிக்கவில்லை என்று மதுரையில் தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் முதலாளிகளா? இல்லை! வேலைக்கு வந்த ஊழியர். மூன்று பேர் மடிந்தனர்.

முதல் தீயை வைத்தவர்கள் அ.தி.மு.க.வினர். இரண்டாவதில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் நம் கொடியைப் பிடித்துக்கொண்டு திரிந்தவர்கள். முதலாவதை மட்டும் சொல்லி இரண்டாவதை மறைத்தால், நமக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு? தலைவருக்காகத் தீ வைத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்கள் குடும்பம் தெருவில் நின்றது. தலைவர்கள் மறுபடி தேர்தலில் நின்றார்கள். எரிந்தது மட்டும் யாருடைய பிள்ளை? ஏழை வீட்டுப் பிள்ளை, ஊழியர் வீட்டுப் பிள்ளை!

இன்னொன்றையும் யோசியுங்கள். மேலே இருப்பவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். 1953இல் நாம் கொளுத்திப் பேசிய இராஜாஜியின் சுதந்திராக் கட்சி, 1967இல் நம் கூட்டணி! திராவிட இயக்க எதிர்ப்பு மாநாடுகள் நடத்திய ம.பொ.சி., 1967இல் தியாகராய நகரில் உதயசூரியன் சின்னத்தில் வென்றார்! அதில் தவறில்லை; காலம் மாறும், தேவை மாறும். அதே ம.பொ.சி.யும், விநாயகமும், மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடியிருக்காவிட்டால் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம்மோடு சேர்ந்திருக்குமா? நம்மை எதிர்த்தவரின் உழைப்பால் வந்த திருத்தணிக்கு நாம் போகாமலா இருக்கிறோம்? தலைவர்கள் கைகுலுக்கும்போது, தொண்டர்கள் போட்ட வெட்டுக்காயம் மட்டும் ஆறாமல் கிடக்கிறதே, அதுதான் கொடுமை.

பூண்டிக்கு வந்த நீர்

நம் மாவட்டத்திலேயே பாருங்கள். ஊத்துக்கோட்டை எல்லையைத் தாண்டிக் கிருஷ்ணா நீர் பூண்டி ஏரிக்கு வருகிறது. அந்த நீருக்கு எந்தக் கட்சியின் நிறம்? 1976இல் இந்திரா காந்தி ஆட்சியில் மூன்று மாநிலங்கள் தலா 5 டி.எம்.சி. விட்டுத்தர ஒப்புக்கொண்டன. 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் ஒப்பந்தம் செய்தனர். 1996இல் கலைஞர் ஆட்சியில் முதல் நீர் எல்லையைத் தொட்டது. கால்வாய் பழுதுபட்டபோது சீரமைக்கப் பணம் கொடுத்தது புட்டபர்த்தி சாய்பாபாவின் அறக்கட்டளை. 2007 ஜனவரியில் சென்னையில் பாராட்டு விழா. மேடையில் ஒரு பக்கம் சாய்பாபா. மறுபக்கம் பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்த கலைஞர்! நன்றி சொன்னார் கலைஞர். பகுத்தறிவை விட்டாரா? விடவில்லை. தாகம் கொண்ட மக்களுக்கு நீர் தந்தவருக்கு நன்றி சொல்லப் பகுத்தறிவு தடை இல்லை என்று காட்டினார்.

2021 மே 4. தேர்தல் முடிவு வந்து இரண்டே நாள். முகப்பேரில் அம்மா உணவகத்துக்குள் புகுந்து, நம் கட்சிக்காரர் என்று சொல்லிக்கொண்ட சிலர் பலகைகளைப் பிடுங்கி எறிந்தனர். ஒரு ரூபாய்க்கு இட்லி போட்ட இடம் அது! அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவரும், சுமை தூக்குகிறவரும் பசியாறிய வகையான இடம். ஸ்டாலின் என்ன செய்தார்? பலகையை மறுபடி மாட்டச் சொன்னார். உடைத்தவர்கள் மீது வழக்கு, கட்சியிலிருந்து நீக்கம். அதே ஆண்டில், முந்தைய ஆட்சியில் ஜெயலலிதா, பழனிசாமி படங்களோடு அச்சிட்ட பள்ளிப் பைகள் இலட்சக்கணக்கில் இருந்தன. அவற்றைக் குப்பையில் போடவில்லை. படத்தோடு அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பையைச் சுமக்கும் பிள்ளைக்குப் படம் தெரியாது. உள்ளே இருக்கும் புத்தகம்தான் தெரியும்.

இப்படிச் செய்தவர்கள் தேர்தலில் ஒருவரையொருவர் விட்டுக்கொடுத்தார்களா? இல்லையே!

என்ன செய்வது?

ஆகவே, தோழர்களே, கொடியை இறக்கச் சொல்லவில்லை. கொள்கையைக் கரைக்கச் சொல்லவில்லை. இந்தித் திணிப்பை எதிர்ப்போம். சாதி வெறியை எதிர்ப்போம். மாநில உரிமையைப் பறிப்பவரை எதிர்ப்போம். எதிர்ப்பில் கூர்மை வேண்டும். கூர்மை வேறு, அழுக்கு வேறு. அழுக்கான கத்தியால் அறுத்தால் புண் சீழ்பிடிக்கும், நோயும் தீராது.

மேடையில் பேசும் தோழருக்கு: மாற்றாரின் திட்டத்தைக் கிழியுங்கள், அவர் சேலையை, அவர் சாதியை, அவர் வீட்டாரைத் தொடாதீர்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் நம் மகளிரணித் தோழியர் தலைகுனியும்படி ஒரு வார்த்தை வந்தால், அது மாற்றாருக்கு விழுந்த அடி அல்ல. நமக்கு விழுந்த அடி.

கிளைச் செயலாளருக்கு: தெருவில் ஒரு சாவு என்றால் கொடி பார்க்காமல் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். 2021 செப்டம்பரில் பன்னீர்செல்வத்தின் துணைவியார் மறைந்தபோது முதலமைச்சரே நேரில் போய்த் துக்கம் கேட்டார். மேலே நடப்பது கீழே நடக்கக் கூடாதா? நம்மவர் ஒருவர் தவறு செய்தால், மாற்றார் கேட்கும் முன் நாம் கேட்போம்.

ஆலைத் தோழருக்கு: மாதம் ஒரு முறை, ஆறு சங்கத்திலிருந்தும் இருவர் இருவராக உட்காருங்கள். கட்சியைப் பேச வேண்டாம். ஊதியம், ஓவர்டைம், பாதுகாப்புக் காலணி, காண்ட்ராக்ட் தோழரின் ஈ.எஸ்.ஐ. - எல்லாருக்கும் பொதுவான கோரிக்கையைக் காகிதத்தில் எழுதுங்கள். கையெழுத்து ஆறு, கோரிக்கை ஒன்று! தனித்தனியே பதினாறும் பதினேழுமாக நிற்பவர்கள் சேர்ந்தால் நூறு. நூறு பேர் பக்கம் நாற்காலி போடாமல் எந்த நிர்வாகமும் இருந்துவிட முடியாது.

மாற்றான் தோட்டத்து மல்லிகையின் மணத்தையும் மறுக்காதவர் அண்ணா. அவர் தம்பிமார், பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் தோழரின் வியர்வை வாடையைக்கூட அறிய மறுக்கலாமா? அது நம் வியர்வை வாடைதானே!

நாளைக் காலை முதல் ஷிப்டுக்குப் போகும்போது, அடுத்த கம்பத்தடியில் நிற்பவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். அவர் தயங்குவார். தயங்கட்டும். அடுத்த நாளும் சொல்லுங்கள். மூன்றாம் நாள் அவர் பதில் சொல்லும்போது, முதல் பேச்சு சம்பளச் சீட்டைப் பற்றியதாக இருக்கட்டும்.